நீல மூடி டப்பா

சோபாவைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் திரும்பும்போது லியோனலின் விரல் கதவு நிலையில் நசுங்கியது.

“மெதுவா, மெதுவா,” என்றார் அப்பா ரபேல். “அவசரமில்ல. வேன் இன்னும் ஆஸ்பத்திரிய விட்டுக் கிளம்பல.”

அவர் குரலில் அழுகை இல்லை. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர் அவர். எந்தச் சாமானை எங்கே நகர்த்தினால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று கண்ணாலேயே அளந்து பழகியவர். விடிந்ததிலிருந்து அந்த ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். டிவி மேசை அறைக்குள் போனது. சாப்பாட்டு மேசை பின்பக்கம் போனது. சோபா வெளியே, வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குக் கீழே. கூடத்தின் நடுவில் ஒரு பெட்டி வைக்கும் அளவுக்கு இடம் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது. சட்டென்று குனிந்து, தரையில் இல்லாத எதையோ பொறுக்குவதுபோல் கையால் துழாவினார்.

அந்த இடத்துக்கு வரப்போகிறவர் புனிதா. அப்பாவின் இரண்டாவது மனைவி. லியோனலின் அம்மா ஜோசஃபின் அவனுடைய பத்தாவது வயதில் நோயில் இறந்துபோனார். நாலு வருஷம் கழித்து புனிதா வந்தார். கிள்ளானில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. திங்கட்கிழமை மத்தியானம் தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நேற்று சாயங்காலம் மூச்சு நின்றது.

“அண்ணா, இந்த நாற்காலிய நான் எடுக்கலாமா?”

லோஷினி கூடாரத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். புனிதாவின் மகள், முதல் கணவருக்குப் பிறந்தவள். அந்த மனிதர் அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே லோரி விபத்தில் போய்விட்டார். பன்னிரண்டு வயது. இரவெல்லாம் அழுது கண் இமை தடித்திருந்தது. ஆனாலும் தலையை வாரி, ரப்பர் பேண்டு போட்டு, சுத்தமாக நின்றாள். அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றின் மேல் கை வைக்காமல், கிட்டத்தில் மட்டும் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எடு,” என்றான் லியோனல்.

அவள் எடுத்து விரித்தாள். பிறகு அவன் அருகில் வந்து தாழ்ந்த குரலில், “அண்ணா, ஃபிரிட்ஜில நீல மூடி டப்பா ஒண்ணு இருக்கு. அத எடுத்துத் தனியா வைக்கலாமா?” என்றாள்.

விரல் வலி அவனுக்கு. “இப்ப எதுக்கு அதெல்லாம்? அப்புறம் பாக்கலாம்.”

“சரி அண்ணா.”

அந்த ‘சரி அண்ணா’ அவனுக்குப் பழக்கமானது. அவன் மட்டுமே முழுசாக அறிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன், புனிதாவும் லோஷினியும் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த புதிதில் ஒரு நாள். பள்ளி விட்டு வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவன் ஃபிரிட்ஜைத் திறந்தான். அவனுக்கென்று வைத்திருந்த கடைசி மைலோ பாக்கெட்டை லோஷினி குடித்திருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவன் மனதில் அதற்கு முன்பே நிறைய சேர்ந்து கிடந்தது. அம்மா படுத்திருந்த அறையில் வேறு மணம். அம்மாவின் அலமாரியில் வேறு புடவைகள். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாத அந்த நேரத்தில் அவன் சொன்னான்: “இது எங்கம்மா வீடு. உன் வீடு இல்ல. எதத் தொட்டாலும் கேட்டுட்டுத் தொடு.”

ஒன்பது வயதுப் பெண், கையில் காலி பாக்கெட்டோடு, “சரி அண்ணா,” என்றாள்.

சொன்னவன் ஒரு வாரத்தில் மறந்துபோனான். கேட்டவள் மறக்கவில்லை. ஃபேன் போடலாமா, ஜன்னலைத் திறக்கலாமா, இந்த பிஸ்கட்டில் ஒன்று எடுக்கலாமா, டிவி பார்க்கலாமா. ஒரு வருஷம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது, இது தன் வேலை என்று. அதற்குள் அது அவளுடைய குணமென்று பேர் வாங்கிவிட்டது. பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் புனிதா பெருமையாகச் சொல்லுவார்: “எம் பொண்ணு கேக்காம ஒரு துரும்பக்கூட தொடமாட்டா க்கா.” லியோனல் அப்போது அங்கிருந்து நழுவிவிடுவான். நாளைக்குச் சொல்லிவிடலாம், அதெல்லாம் விட்டுடு என்று சொல்லிவிடலாம் என்று நினைப்பான். கெட்ட வார்த்தை தானாக வாயில் வந்து விழுகிறது. அதைத் திரும்ப எடுக்கிற வார்த்தைக்குத்தான் நல்ல நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல நாள் வரவேயில்லை.

புனிதாவுக்குத் தெரியுமா என்பதும் அவனுக்குத் தெரியாது. ஒரு தடவை லோஷினி அவனிடம் ஃபேன் போடலாமா என்று கேட்டபோது, பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்த புனிதா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்திருப்பார். பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தார். அன்று ராத்திரி அவனுக்கு இரண்டு முட்டை பொரித்து வைத்தார், வழக்கம்போல.

*

பெட்டி வந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து குளோரியா அத்தை வந்து சேர்ந்திருந்தார். அப்பாவின் தங்கை, எந்த வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்கிறவர். புனிதாவின் புடவைத் தலைப்பை நீவி, கைகளைச் சேர்த்து, விரல்களுக்கிடையில் செபமாலையைச் சுற்றினார். “தூங்கற மாதிரிதான் இருக்காங்க லா, அண்ணே,” என்றார். அப்பா தலையசைத்தார்.

சுவரில் ஜோசஃபினின் படம் இருந்தது, அதன் கீழே சிவப்பு பல்பு. அதைக் கழற்றுவதா என்று அப்பா காலையில் யோசித்தார். குளோரியா அத்தைதான், “இருக்கட்டும். சனிக்கிழமை சனிக்கிழமை அதத் தொடச்சு வச்சதே இந்தப் புள்ளதானே,” என்று பெட்டியைக் காட்டினார். அதனால் மூத்தவர் சுவரிலிருந்து பார்க்க, இளையவர் கீழே படுத்திருந்தார்.

பத்து மணிக்கு அம்பாங்கிலிருந்து முகுந்தன் வந்தார், மனைவியோடு. புனிதாவின் அண்ணன். பெரிய மீசை, மெல்லிய குரல். தங்கையின் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். பிறகு அப்பாவின் பக்கம் வந்து தயங்கினார்.

“மச்சான், ஒண்ணு கேக்கணும். அவ ஞானஸ்நானம் வாங்கிட்டா, எனக்குத் தெரியும். உங்க முறைப்படிதான் எல்லாம் நடக்கணும். ஆனா கூடப் பொறந்தவன்... ஒரு பிடி அரிசி மட்டும் வாயில போடலாமா?”

குளோரியா அத்தை புருவத்தைத் தூக்கினார். அப்பா முகுந்தனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்கெல்லாம் கேக்கணுமா மச்சான்? உங்க தங்கச்சி இல்லையா?”

குளோரியா அத்தை எழுந்து சமையலறைக்குப் போய், ஒரு சின்னக் கிண்ணத்தில் அரிசி கொண்டுவந்து தானே முகுந்தனிடம் நீட்டினார். “கழுவிட்டேன் அண்ணே,” என்றார்.

சுவரோரம் நின்றிருந்த லியோனலுக்கு அப்பாவின் அந்த ஒரு வரி காதில் தங்கிவிட்டது. இதுக்கெல்லாம் கேக்கணுமா.

செபமாலை ஆரம்பித்தது. உபதேசியார் முன்னால் சொல்ல, கூடத்திலும் கூடாரத்திலும் இருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். லோஷினி இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. பெரியவளானதும் அவளே முடிவு பண்ணட்டும் என்று புனிதா விட்டிருந்தார். ஆனால் இந்த வீட்டில் மூன்று வருஷமாக மாலை செபத்தைக் கேட்டவளுக்கு எல்லாம் மனப்பாடம். உதடு அசையப் பார்த்தது. நிறுத்திக்கொண்டாள். முழங்காலில் இருந்த லியோனலின் பக்கம் சாய்ந்தாள்.

“அண்ணா, நானும் சொல்லலாமா?”

தன் அம்மாவின் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, தன் அம்மாவுக்காக வேண்டிக்கொள்ள ஒரு பெண் அவனிடம் அனுமதி கேட்கிறாள். அவன் தலையசைப்பதற்குள் குளோரியா அத்தை முந்திக்கொண்டார். “சொல்லும்மா கண்ணு, தாராளமா சொல்லு.” பிறகு பக்கத்தில் இருந்த இராஜம்மாவிடம், “பாத்தீங்களா க்கா? எவ்வளவு மரியாத! இந்தக் காலத்துப் புள்ளைங்க யாரு கேக்குது?”

“புனிதா வளர்ப்பு லா,” என்றார் இராஜம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எங்க வீட்டுக்கு வந்தாகூட செருப்ப எங்க விடறதுன்னு கேக்கும்.”

“எம் பேத்தியும் இருக்காளே. ஃபிரிட்ஜுக்குள்ளயே குடியிருக்கா!” என்றார் பின்னாலிருந்த ஒரு பாட்டி.

சின்னச் சிரிப்பு எழுந்து அடங்கியது. லியோனல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு யாராவது ஓங்கி ஓர் அறை விட்டால் நன்றாக இருக்கும்போல் இருந்தது.

*

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. சாப்பாடு வெளியிலிருந்து வந்தது. குடிப்பதற்குப் பாக்கெட் பானங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவற்றுக்கு ஃபிரிட்ஜில் இடம் செய்ய குளோரியா அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். கறுப்புக் குப்பைப் பையை விரித்து, பழைய குழம்பு, வாடிய கீரை, பாதி வெட்டிய வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் போட்டார். கூடாரத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த லியோனல் அவர் கையில் நீல மூடி டப்பாவைப் பார்த்தான். அத்தை மூடியைத் திறந்து மோந்தார்.

“சம்பால். எப்ப செஞ்சதோ!”

அவன் எட்டிப் பார்த்தான். வெங்காயச் சம்பால். அரைத்த மிளகாயில் வதக்கியது, சிவப்பாக, எண்ணெய் மிதக்க. நெத்திலி இல்லாதது.

லோஷினிக்கு நெத்திலி ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துப்போகும். அதனால் புனிதா ஞாயிற்றுக்கிழமைதோறும் வாரத்துக்கு வேண்டிய சம்பாலைச் செய்யும்போது இரண்டாகச் செய்வார். நெத்திலி போட்டது அவனுக்கும் அப்பாவுக்கும். போடாதது நீல மூடியில். அந்த டப்பாவை வேறு யாரும் தொட்டதில்லை. அது அவளுடையது. தன் அம்மா தனக்கென்று கடைசியாகச் சமைத்ததைப் பத்திரப்படுத்தத்தான் அவள் காலையில் அவனிடம் கேட்டிருக்கிறாள். அவளுடையதை அவள் எடுக்க.

அத்தை பையின் பக்கம் டப்பாவைச் சாய்த்தார்.

“அத வைங்க அத்தை.”

“ஏன்டா? எத்தன நாளாச்சோ.”

“கெட்டுப் போகாது. வைங்க. அது லோஷினியோடது.”

இந்த வீட்டில் ஒரு பொருளைக் காட்டி லோஷினியோடது என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தைக்கு அது தெரியாது. “சரி சரி,” என்று டப்பாவைக் கடைசித் தட்டின் பின்மூலையில் தள்ளி, அதன் முன்னால் பானங்களை அடுக்கினார்.

அவன் வெளியே வந்தபோது லோஷினி பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கட்டி வைத்த கறுப்புப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலி டப்பாக்கள் தொட்டிக்குள் கிடந்தன; தன்னுடையதும் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள் போலிருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. எதற்கும் அனுமதி கேட்கிறவள், நியாயம் மட்டும் கேட்டதில்லை. அவன் வாயைத் திறந்தான். அதற்குள் கூடத்திலிருந்து, “லியோனல், ஃபாதர் வந்துட்டாரு பாரு,” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

*

மத்தியானத்துக்கு மேல் முகுந்தன் அப்பாவைக் கூடாரத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். லியோனல் நாற்காலிகளை நகர்த்துகிறவன்போல் பக்கத்தில் நின்றான்.

“மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. லோஷினிய நான் கூட்டிட்டுப் போறேன். தாய்மாமன் இருக்கும்போது... உங்களுக்கு ஷிஃப்ட் வேல. தம்பிக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. பொம்பளப் புள்ள, வீட்ல ஒரு பொம்பளை இல்லாம எப்படி? எங்க வீட்ல என் மக ரூம்ல இடம் இருக்கு.”

அப்பா கூடாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அவகிட்ட கேட்டீங்களா?” என்றார்.

“கேட்டேன். உடனே சரின்னுட்டா. பையக்கூட கட்டி வச்சிட்டா. கல்லறையில இருந்து நேரா அப்படியே கிளம்பிடலாம்னு...”

“உடனே சொன்னாளா?”

“உடனே.”

முகுந்தன் போனபின் அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். லியோனலைப் பார்க்காமல், அவனிடம் பேசினார்.

“அவ ஸ்கூல் ஃபங்ஷனுக்கு லீவு போட்டுட்டுப் போனேன். காய்ச்சல்னா தூக்கிட்டு ஓடினேன். அப்பான்னு கூப்பிடும்மா, அங்கிள்னு கூப்பிடும்மா, உன் இஷ்டம்னு சொன்னேன். அப்பான்னுதான் கூப்பிட்டா.” கைகளைப் பிசைந்தார். “நான் பெத்த புள்ள இல்ல. புடிச்சு வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கு? ஆனா ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையே டா. நான் என்ன கொற வச்சேன்?”

“அப்பா, நீங்க இல்ல...” என்றான் லியோனல்.

“பின்ன?”

பெட்டிக்காரர் வந்து நின்றார். மூடுகிற நேரம் என்றார். அப்பா எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். கேள்வி அந்த நாற்காலியிலேயே இருந்தது.

ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் முத்தமிட்டார்கள். அப்பா. முகுந்தன். குளோரியா அத்தை. லோஷினி முத்தமிட்டு, அம்மாவின் காதருகே ஏதோ சொன்னாள், யாருக்கும் கேட்கவில்லை. லியோனல் கடைசியாகக் குனிந்தான். மூன்று வருஷத்தில் அவன் அவரை ஆன்டி என்று மட்டுமே கூப்பிட்டிருந்தான். நெற்றி குளிர்ந்திருந்தது. பவுடர் மணம். மூடி இறங்கியது.

*

வேனில் அப்பா முன்னால் உட்கார்ந்தார். பின்னால் பெட்டிக்கு இருபுறமும் இருந்த பெஞ்சுகளில் லியோனலும் லோஷினியும். வெளியே நல்ல வெயில். கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போகும் வழியில் ஜாலான் மேரு சாலையில் வண்டிகள் நெருக்கியடித்தன. வேன் நகர்ந்தது, நின்றது.

“லோஷினி.”

“ஆ, அண்ணா.”

“அம்பாங்குக்குப் போறேன்னு ஏன் சொன்ன?”

“மாமா கேட்டாரு.”

“கேட்டா உடனே போயிடறதா?”

பெட்டியின் மேலிருந்த பூவளையம் சரிந்தது. அவள் கை நீட்டி, பாதியில் நிறுத்தி, அவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்த பிறகு அதை நேராக வைத்தாள்.

“அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன் இல்ல...” என்றான்.

“எது அண்ணா?”

“வீட்டப் பத்தி.”

“ஓ, அதுவா.” அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. “அது உண்மைதானே. உங்க அம்மா வீடுதானே. எங்க அம்மா இருந்தாங்க, அதனால நானும் இருந்தேன்.”

அவள் பெட்டியைப் பார்த்தாள். லியோனல் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தான். எதுவும் போதவில்லை. வேன் மறுபடி நகர்ந்தது.

கல்லறையில் ஃபாதர் செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்தார். பெட்டி இறங்கியது. உபதேசியார் கூட்டத்தைப் பார்த்து, “மொதப் புடி மண்ணு மகன் போடணும். மகன் எங்க? வாப்பா,” என்றார்.

எல்லோரும் லியோனலைப் பார்த்தார்கள். அவன் முன்னால் வந்து ஒரு பிடி மண் எடுத்தான். ஈர மண். குழியின் விளிம்பில் நின்றவனுக்குக் கை இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தான். குளோரியா அத்தையின் முதுகுக்குப் பின்னால் லோஷினியின் தலை தெரிந்தது.

“லோஷினி, வா.”

கூட்டம் வழிவிட்டது. அவள் வந்து நின்றாள். கீழே பார்த்தாள். அவன் கையிலிருந்த மண்ணைப் பார்த்தாள். பழக்கம் விடவில்லை.

“நான் போடலாமா அண்ணா?”

“இதுக்கெல்லாம் கேக்கணுமா?” என்றான். அப்பாவின் வார்த்தைதான். அவனுக்குச் சொந்தமாக வேறு வார்த்தை கிடைக்கவில்லை. குரல் உடைந்தது. “உன் அம்மா லா. போடு.”

தன் கையிலிருந்ததை அவள் கையில் கொட்டினான். அவள் போட்டாள். அதன் பிறகு குனிந்து தனக்கு வேறொரு பிடி எடுத்தான்.

*

கூட்டம் கலைந்தது. கல்லறையிலிருந்து யாரும் யாரிடமும் வரேன் என்று சொல்லவில்லை, சொல்லக்கூடாது. பேசாமல் திரும்பி அவரவர் வண்டிக்குப் போனார்கள். முகுந்தனின் காரின் பின்மூடி திறந்திருந்தது. லோஷினியின் பை அதற்குள் இருந்தது. அவர் மனைவி லோஷினியின் தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு வந்தார். அப்பா கொஞ்சம் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மாமா.”

முகுந்தன் திரும்பவில்லை. காலையில் வந்ததிலிருந்து இந்தப் பையன் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“மாமா, ஒரு நிமிஷம்.”

இந்த முறை அவர் திரும்பினார். அப்பாவும் திரும்பினார். அம்மாவின் அண்ணனைத்தான் மாமா என்பார்கள். அது அவர்கள் இருவருக்கும் புரிந்தது.

“அந்தப் பைய எறக்கிடுங்க மாமா.”

“ஏன் தம்பி?”

லியோனல் அப்பாவைப் பார்க்காமல் சொல்லத்தான் நினைத்தான். பிறகு அவரைப் பார்த்தே சொன்னான். “வந்த புதுசுல, இது உன் வீடு இல்ல, எதத் தொட்டாலும் கேட்டுட்டுத் தொடுன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். அதான் எல்லாத்துக்கும் கேக்கறா. மரியாதையெல்லாம் இல்ல. நான் சொன்னது. நீங்க கூப்பிட்டதும் சரின்னதும் அதனாலதான். அப்பா ஒரு கொறையும் வைக்கல.”

குளோரியா அத்தை, “அடப்பாவி!” என்றார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

முகுந்தன் தங்கை மகளைப் பார்ப்பதுபோல் அல்ல, பெரிய மனுஷியைப் பார்ப்பதுபோல் லோஷினியைப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்ற?”

லோஷினி செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். ஒரு காலால் மறுகாலின் மண்ணை உரசினாள். காரின் பக்கம் அடி எடுத்து வைக்கவில்லை.

“சரி,” என்றார் முகுந்தன். “இன்னிக்கு அவள யாரும் எதுவும் கேக்க வேணாம். நான் கேட்டதே தப்பு, இந்த நாள்ல. எட்டாம் நாள் பூசைக்கு வருவேன். அப்ப அவ என்ன சொல்றாளோ அதான். என்ன மச்சான்?”

அப்பா தலையாட்டினார்.

முகுந்தன் பையை எடுத்து லியோனலின் கையில் கொடுத்தார். திட்டவில்லை. மீசைக்குக் கீழே உதடு மட்டும் இறுகியிருந்தது. “பாத்துக்க மாப்ள,” என்றார்.

பை லேசாக இருந்தது. ஒரு வீட்டில் மூன்று வருஷம் இருந்த பெண்ணின் பை அவ்வளவு லேசாக இருக்கக்கூடாது. அதை மடியில் வைத்துக்கொண்டே லியோனல் வீடு வரை வந்தான்.

வாசல் கேட்டருகே இராஜம்மா வாளியில் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தார். அப்பா கால் கழுவினார். பிறகு குவளையை லியோனலிடம் நீட்டினார். வழியெல்லாம் அவர் அவனிடம் பேசவில்லை, இப்போதும் பேசவில்லை. ஆனால் குவளை கைமாறும்போது அவர் விரல்கள் அவன் நசுங்கிய விரலின் மேல் கொஞ்சநேரம் இருந்தன. லியோனல் குனிந்து லோஷினியின் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றினான். மண் கரைந்து ஓடியது.

“உள்ள வாங்க, ரெண்டு பேரும்,” என்றார் அப்பா.

*

எல்லோரும் குளித்தார்கள். கூடத்தை யாரோ பெருக்கித் துடைத்திருந்தார்கள். பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சோபாவை உள்ளே கொண்டுவர யாருக்கும் மனம் வரவில்லை. அப்பா அறைக்குள் போய்ப் படுத்தார். குளோரியா அத்தை செபமாலையைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். வெளியே கூடாரத்தைப் பிரிக்கிறவர்கள் இரும்புக் குழாய்களைச் சத்தமில்லாமல் அடுக்க முயன்றுகொண்டிருந்தார்கள்.

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்த லியோனல், லோஷினி சமையலறைக்குப் போவதைப் பார்த்தான். காலடிச் சத்தம் ஃபிரிட்ஜின் முன்னால் நின்றது. அவன் காத்திருந்தான். கேள்வி வரவில்லை. கதவு திறக்கிற சத்தமும் வரவில்லை. கேட்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கேட்காமல் எப்படித் திறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரே நாளில் எப்படித் தெரியும்?

அவன் எழுந்து போனான். அவள் ஈரத் தலையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“லோஷினி, எனக்குப் பசிக்குது,” என்றான். “ஃபிரிட்ஜிலேருந்து ஏதாச்சும் எடுத்துக்கலாமா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிண்டலா என்று அவன் முகத்தில் தேடினாள். அவன் கிண்டல் செய்யவில்லை. பதிலுக்காக நின்றான், ஒன்பது வயதில் அவள் நின்ற அதே இடத்தில்.

வெளியே ஒரு குழாய் நழுவி விழுந்தது. யாரோ ‘பெலான்-பெலான்’, மெதுவாக, என்று மலாயில் அதட்டினார்கள்.

“எடுத்துக்கோங்க,” என்றாள் லோஷினி மெதுவாக.

“எது எங்க இருக்குன்னு தெரியல. அத்தை எல்லாத்தையும் மாத்தி வச்சிட்டாங்க. கடைசித் தட்டுல பின்னால பாரு.”

அவள் கதவைத் திறந்தாள். மஞ்சள் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. குனிந்து பானப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். பிறகு அவள் கை நின்றது. அப்படியே கொஞ்சநேரம் குனிந்திருந்தாள். ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது.

நீல மூடி டப்பாவை இரண்டு கைகளாலும் எடுத்து மேடைமேல் வைத்தாள். ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். இழுப்பறையைத் திறந்து ஒரு கரண்டி எடுத்தாள். மூடப் போனவள், மறுபடி திறந்து, இன்னொன்றும் எடுத்தாள்.